காதருகே மூன்று முறை

குழந்தை மறுபடியும் நீலமானது.

முதலில் உதடு. பிறகு நகக்கண்.

இருமி முடித்ததும் மூச்சை இழுக்க மறந்துவிடுகிறது. பெற்றவள் எண்ணினாள். எட்டு வரை எண்ணியபோது நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டினாள். மார்பு ஏறியது.

ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்.

“கக்குவான் இருமல் மாதிரி தெரியுது. வீட்ல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?”

“யாருக்கும் இல்ல டாக்டர்,” என்றாள் அவள்.

சுவரோரம் நின்ற கணவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அக்காவுக்கு இருக்கு.”

அவள் திரும்பவில்லை.

முப்பதாம் நாள் பெயர் வைத்தார்கள். அவர்கள் வழக்கத்தில் அப்பாவின் மூத்த அக்காதான் குழந்தையின் காதருகே குனிந்து மூன்று முறை பெயர் சொல்லவேண்டும். கணவனின் அக்காவான மதினி சொன்னாள். இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் நடுவில் இருமல் வந்தது. முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் பெயர் பாதியில் நின்றுவிடுமாம்.

“பஸ்ல ஒரே தூசி,” என்றாள் மதினி.

இவள்தான் எழுந்து போய் வெந்நீர் கொண்டுவந்தாள்.

அதிலிருந்து எட்டாம் நாள் குழந்தைக்கு இருமல் தொடங்கியது. இன்று பிறந்து நாற்பத்து மூன்றாம் நாள். கக்குவானுக்கான முதல் தடுப்பூசி நாளை மறுநாள்.

“அவங்களுக்கு என்ன மருந்து குடுத்தாங்க?” டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார்.

“அசித்ரோமைசின். அஞ்சு நாளைக்கு. ரெண்டு நாள்தான் சாப்பிட்டா. வயித்துக்கு ஒத்துக்கல.”

தடுமாறாமல் சொன்னான்.

அவள் பத்து மாதம் விழுங்கிய மாத்திரைகளில் ஒன்றின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

“அக்கா பையனுக்குத்தான் முதல்ல வந்துச்சு. அவனுக்குப் பார்த்துட்டு அவளுக்கும் அதேதான்னு சொன்னாங்க. சின்னப் பிள்ளைங்க சீக்குதானேன்னு நெனச்சோம்.”

நெனச்சோம்.

“பெரியவங்களுக்கு அது வெறும் இருமல். இந்த வயசுக்கு அப்படியில்ல,” என்றார் டாக்டரம்மா. ஒரு தாளை அவளிடம் நீட்டினார். “அவங்க வந்த அன்னிக்கு யார் யார் பக்கத்துல இருந்தாங்கன்னு எழுதுங்க. கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தா முதல்ல. இன்னிக்கே சொல்லிரணும். அவங்களும் மருந்து எடுக்கணும்.”

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

“எப்போ தெரியும்?” என்று அவனிடம் கேட்டாள்.

“பேர் வைக்கிறதுக்கு ரெண்டு நாள் முந்தி.”

“தெரிஞ்சும் வரச் சொன்னீங்களா?”

“அவ வரலைன்னா வடிவுதான் பேரைச் சொல்லியிருப்பா. இளையவ சொல்லி மூத்தவ கேக்கவா? அக்கா அழுதா.”

வடிவு அவன் தங்கை. அன்று மதினிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய இரண்டு மாதக் குழந்தை. காய்ச்சலென்று தள்ளிப்போனதில் அதற்கும் இன்னும் முதல் ஊசி போடவில்லை. பெயர் சொல்லி முடித்த வாயோடு மதினி அதையும் தூக்கிக் கொஞ்சினாள்.

அவள் தாளில் முதல் பெயரை எழுதினாள்.

வடிவு.

எழுதியதை அவனிடம் காட்டினாள். “நீங்களே சொல்லுங்க.”

அவன் வராந்தாவுக்குப் போகப் பார்த்தான். “இங்கேயே,” என்றாள்.

அழைத்தான்.

“வடிவு... ஆமா, ஆஸ்பத்திரிலதான். ஒண்ணுமில்ல, லேசா சளி. ரெண்டு நாள்ல விட்டுருவாங்க.”

அந்தப் பக்கம் வடிவு ஏதோ கேட்டாள்.

“அக்காவா? அவளுக்குத் தூசிதான். நீ அவளை ஒண்ணும் கேட்டு வைக்காத.”

வைத்துவிட்டான்.

அவள் இதுவரை அழவில்லை. இப்போதும் இல்லை. பைக்குள் கைவிட்டுத் தன் போனை எடுத்தாள். தாளை விரித்துக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டாள்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“சொன்னா அக்கா வடிவு வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது பிள்ள.”

குரல் கெஞ்சியது. பிடி கெஞ்சவில்லை.

கட்டிலில் குழந்தை மறுபடியும் இருமத் தொடங்கியது. நர்ஸ் ஓடிவந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் போனை மறு கைக்கு மாற்றினாள்.