கீழ் வீட்டு டப்பா

ஓவனிலிருந்து எடுத்த ராகி பிஸ்கட் இன்னும் சூடுகூட ஆறவில்லை. அதற்குள் படியில் செருப்புச் சத்தம்.

"வந்தாச்சு! மூக்கா அது, மோப்பம் பிடிக்கிற மிஷினா?" பல்லைக் கடித்தாள் லாவண்யா.

எவர்சில்வர் டப்பாவோடு உள்ளே வந்தாள் வேம்புலியம்மாள். கீழ் வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர். இந்தச் சேக்காடு ஏரியாவிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"இன்னா வாசன பாப்பா! கீய குந்திகினு கீறேன், எச்சி ஊறுது. இத்த ரொப்பிக் குடு."

ஒன்றா, இரண்டா? டப்பா முழுக்க! வாடகைக்கு இருந்துகொண்டு இல்லை என்று சொல்லத்தான் முடியுமா? சிரித்துக்கொண்டே நிரப்பிக் கொடுத்தாள் லாவண்யா. உள்ளுக்குள் வயிறு எரிந்தது.

பின்னே எரியாதா? வேலையை விட்டுவிட்டு, இரண்டரை வயசுப் பவ்யாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிஸ்கட் வியாபாரம் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. புருஷன் தேவராஜ் கெடு வைத்திருந்தான்.

"ரெண்டு மாசம் பாரு. நடந்தா சந்தோஷம். நடக்கலைன்னா நீ வேலைக்குப் போ, பவ்யா தென்காசியில உங்க அம்மாகிட்ட இருக்கட்டும். வேற வழியில்ல."

அதை நினைத்தாலே லாவண்யாவுக்குச் சோறு இறங்காது. பிள்ளையை விட்டுவிட்டு எப்படி இருப்பது?

இதுவரை ஏழு ஆர்டர் வந்திருந்தது. எல்லாம் போன் மூலமாக. இன்ஸ்டாவில் விதவிதமாய்ப் போட்டோ போட்ட மகிமை என்று அவளுக்குப் பெருமை.

அன்று சாயங்காலம், அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வேலை முடிந்து வந்த தேவராஜிடம் பொரிந்து தள்ளினாள்.

"கீழ இருக்கிறது புருஷனும் பொண்டாட்டியும் ரெண்டே பேரு. வாரத்துக்கு மூணு டப்பா எங்கேங்க போகும்? வயிறா, வண்ணான் தாழியா?"

"சின்னதா ஒரு டப்பாவுல போட்டுக் குடேன்."

"டப்பாவே அவங்களோடதுங்க! விவரமா வீட்டுலேர்ந்து எடுத்துக்கிட்டு வர்றாங்க!"

மிச்சப் பிஸ்கட்டை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தும் பார்த்தாள். வேம்புலியம்மாளோ, "இன்னைக்கு சுடலியா? பரவால்ல, நாளைக்கு வர்றேன்" என்று சொன்னபடி மறுநாள் வந்து நின்றாள்.

வியாழக்கிழமை அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்ததில் ஒரு தட்டு பிஸ்கட் அடி தீய்ந்துவிட்டது. மேலே பார்த்தால் பொன்னிறம். திருப்பினால் கரி.

"குப்பையில போடு" என்றான் தேவராஜ்.

"எதுக்கு? கீழ ஒரு வாய் சும்மாத்தானே இருக்கு? இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது."

"ஏய், பாவம்டி."

"நம்ம பாவத்தை யாரு பார்த்தா?"

கருகிய பக்கத்தைக் கீழே வைத்து அழகாக அடுக்கினாள். வழக்கம்போல் வந்த வேம்புலியம்மாள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். லாவண்யாவையும் ஒரு பார்வை பார்த்தாள். டப்பாவை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வெள்ளி, சனி, இரண்டு நாளும் படியில் சத்தமே இல்லை. "தொல்லை விட்டுது" என்று குதூகலித்தாள் லாவண்யா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங் பெல் அடித்தது. முகம் தெரியாத ஓர் அம்மா நின்றிருந்தார்.

"என் பேரு சரசாம்மா. பின்னாடித் தெருவுல இருக்கேன். என் பொண்ணுக்கு அடுத்த வாரம் வளைகாப்பு. தாம்பூலப் பையில போட இருநூறு பாக்கெட் ராகி பிஸ்கட் வேணும். செஞ்சு குடுப்பியா?"

இருநூறா! லாவண்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஒரு ஆர்டர் போதும், பவ்யா எங்கேயும் போக வேண்டாம்.

"உக்காருங்கம்மா! இன்ஸ்டாவுல பார்த்தீங்களா?"

"அதெல்லாம் யாரு கண்டா? எல்லாம் உங்க வேம்புலிக்காதான். டப்பாவைத் தூக்கிக்கிட்டு நாலு தெரு சுத்துதே! ஊடு ஊடா ஏறி ஆளுக்கு ரெண்டு பிஸ்கட் குடுத்து, 'எங்க மேல் ஊட்டுப் பொண்ணு சுட்டது, துன்னு பாரு, புடிச்சா போன் போடு'ன்னு உன் நம்பரையும் எழுதிக் குடுக்குது. மூணாவதா ஒண்ணு கேட்டா, 'காசு குடுத்து வாங்கு'ன்னு சொல்லிடும்."

லாவண்யா அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவங்க... அவங்க சாப்பிட மாட்டாங்களா?"

"எங்க சாப்பிடறது? ஊருக்குக் குடுக்கவே பத்தலைன்னு பொலம்பும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லக்கூடாதுன்னுதான் சொல்லிச்சு. தன் தெறமையில வந்த ஆர்டர்னு அந்தப் பொண்ணு நெனச்சுக்கட்டும், அப்பதான் தெம்பா செய்யும்னுச்சு."

அந்த வியாழக்கிழமை டப்பா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"வியாழக்கிழமையும்... குடுத்தாங்களா?"

"அத ஏன் கேக்குற! அன்னைக்கு டப்பாவை மறைச்சு எடுத்துக்கிட்டுப் போச்சு, நாந்தான் பிடுங்கித் திறந்தேன், எல்லாம் அடியில கரி. இந்தப் பொண்ணுகிட்டயா வளைகாப்புக்குச் சொல்றதுன்னு நானே பின்வாங்கிட்டேன். நேத்து மறுபடி வந்து எங்கிட்ட ஒரே சண்டை. 'பொண்ணு பதமாத்தான் குட்துச்சு. நமுத்துப் போச்சேன்னு நாந்தான் தோசைக்கல்லுல போட்டுத் தீய வுட்டுட்டேன். அது மேல பழியப் போடாதே'ன்னு, என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டுப் போச்சும்மா!"