அந்த விளக்கைக் கழற்றாதே

"இந்த வாரத்துக்குள்ள அது போகணும். இல்லன்னா நீ போகணும்."

காபியை உறிஞ்சிக்கொண்டே டாரலிடம் சொன்னான் லென். டொலீடோ நகரில் பழைய கார் விற்கும் அந்த மைதானத்துக்கு அவன்தான் முதலாளி. அங்கே கார் விற்றுக் கொடுக்கும் டாரலுக்கு அக்கா புருஷனும்கூட.

'அது' என்றது பின்வரிசையில் நின்ற வெள்ளை வண்டியை. போலீஸில் உழைத்து ஓய்ந்தது. எட்டு சிலிண்டர், படகு நீளம், பார்த்தாலே வயிற்றைக் கலக்கும் மூஞ்சி. ஏலத்தில் அந்த மூஞ்சியைப் பார்த்து மயங்கி, ஓட்டிக்கூடப் பார்க்காமல் எடுத்துவிட்டான் டாரல். கியர் பெட்டி செத்துக்கொண்டிருந்தது. இரண்டு தெரு தாண்டினால் உறுமுமே தவிர நகராது.

"கவலையை விடுங்க அத்தான். இன்னைக்கே யார் தலையிலயாவது கட்டிடறேன்."

"முதல்ல நேரத்துக்கு வந்து சேரு."

"பள்ளிக்கூடத் தெரு வழியா பறந்து வந்தும் லேட்டு. நான் என்ன பண்ண?"

"குழந்தைங்க குறுக்கே போற தெருடா அது."

"அங்க பிடிச்சுக் கேக்க யார் இருக்கா?" டாரல் சிரித்தான்.

முற்பகலில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார் ஓர் அம்மாள். ஓபல் ட்ரெட்வெல் என்று பெயர் சொன்னார். அறுபது தாண்டிய வயது, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, கையில் பெரிய பை.

"வாங்கம்மா. இந்தச் சின்ன நீல வண்டியைப் பாருங்க, உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி..."

"அது கிடக்கட்டும் கண்ணு. அதோ அந்த வெள்ளைக் குண்டன் என்ன விலை?"

டாரலுக்குக் காதில் தேன் பாய்ந்தது.

"மூஞ்சியை ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்து" என்றார் அம்மாள். அவன் திருப்பி நிறுத்தியதும் சாலையின் எதிர்ப்புறம் வரை நடந்துபோய், அங்கிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து தலையாட்டினார்.

"முன்னாடி இருக்கற இந்த இரும்புத் தடுப்பு, கதவோரத்து போலீஸ் விளக்கு எல்லாத்தையும் கழற்றிட்டு, அழகா சிவப்புப் பெயின்ட் அடிச்சுத் தர்றேன்மா."

"அந்த விளக்குல கை வச்சே, கையை முறிச்சுப்புடுவேன். முன் விளக்குக்கு மேல இருக்கே இந்த நசுங்கல், அதுகூட அப்படியே இருக்கட்டும். கண்ணாடிக்கு மட்டும் கறுப்பு ஒட்டிக் கொடு. உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு தெரியக் கூடாது."

வயசான காலத்தில் ஊரை மிரட்ட ஆசை வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டான் டாரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு, கேட்டே ஆக வேண்டிய கேள்வியைக் கேட்டான்.

"ஒரு சுற்று ஓட்டிப் பாக்கறீங்களா?"

"எதுக்கு? கை பிரேக் பிடிக்குமா, அதைச் சொல்லு."

"மேட்டுல நிறுத்தினாலும் இம்மி அசையாதும்மா."

அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது.

விலையில் மட்டும் அம்மாள் விடவில்லை. பிடித்துப் பிடித்துக் குறைத்தார். டாரலும் அழுவது மாதிரி நடித்து இறங்கி வந்தான். 'இருக்கிறபடியே வாங்கிக்கொள்கிறேன், பின்னால் வந்து கேட்க மாட்டேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

"உங்க லாரியில ஏத்தி வீட்டுல விட்டுடுங்க. எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தணும்னு டிரைவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவர் பஸ் ஏறியதும் லென் வந்து மச்சானின் முதுகில் ஓங்கித் தட்டினான். "பாவம்டா அந்த அம்மா."

"பாவம் பார்த்தா வியாபாரம் நடக்குமா அத்தான்?"

ஆனாலும் அடுத்த சில நாள் போன் அடித்தபோதெல்லாம் டாரலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிலைத் தயாராக வைத்திருந்தான். அம்மாள் கூப்பிடவேயில்லை. வாரம் இரண்டு போனதும் வண்டியை அவன் மறந்தே போனான்.

ஒரு திங்கட்கிழமை காலை. அன்றும் தாமதம். பள்ளிக்கூடத் தெருவுக்குள் திரும்பி ஆக்சிலேட்டரை அழுத்தினான். வண்டி சீறியது.

வளைவில், ஒரு வீட்டு வாசலிலிருந்து வெள்ளையாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. இரும்புத் தடுப்பு. கதவோரத்தில் விளக்கு.

போலீஸ்!

அவனைக் கேட்காமலே கால் பிரேக்கில் ஏறியது. வண்டி முனகிக்கொண்டு நத்தையானது. அடுத்த நொடி, முதுகில் பையோடு இரண்டு வாண்டுகள் எதையோ சொல்லிச் சிரித்தபடி, இவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் குறுக்கே ஓடின.

டாரல் வண்டியை நிறுத்தியே விட்டான்.

மெல்லத் திரும்பி அந்த வெள்ளை வண்டியைப் பார்த்தான். முன் விளக்குக்கு மேலே அதே நசுங்கல்.

வீட்டு வாசலில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த ஓபல் அம்மாள் எழுந்து அவனை நோக்கி வந்தார். தப்பிக்க வழியில்லை, எதிரே இன்னும் பிள்ளைகள் கடந்துகொண்டிருந்தார்கள். டாரல் கண்ணாடியை இறக்கி, முந்திக்கொண்டான்.

"அம்மா, கியர் பெட்டிக்கு நான் பொறுப்பில்ல. இருக்கிறபடியேன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க!"

"கியர் பெட்டிக்கு என்ன?" அம்மாள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "எனக்குக் கார் ஓட்டவே தெரியாது கண்ணு. உன்னை மாதிரி ஆளுங்களை நிறுத்தறதுக்குத்தான் அதை வாங்கினேன்."