எதிர்மனுதாரர் ஆஜராகவில்லை

கோர்ட் பணியாளர் வாசலில் நின்று எதிர்மனுதாரரின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா மேடம், பயந்துட்டான்! பொண்டாட்டியை அடிக்கத் தெரியுது, வந்து பதில் சொல்லத் துப்பில்ல."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று வக்கீலம்மா அதட்டினார்.

பக்கத்தில் தங்கை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். விவாகரத்து கேட்டு மனு போட்டவள் அவள். ஆனால் காலையிலிருந்து வராந்தாவில் வரிந்துகட்டிக்கொண்டு நின்றது என்னவோ அண்ணன்தான்.

"சரி மேடம், அவன் வராட்டி கேஸ் என்ன ஆகும்?"

"சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கார். அப்படியும் வரலன்னா, இவங்க சொல்றதை மட்டும் கேட்டுட்டுத் தீர்ப்பு சொல்லிடலாம். எக்ஸ்பார்ட்டின்னு சொல்வாங்க. குறுக்கு விசாரணை பண்ண அந்தப் பக்கம் ஆளே இருக்காது."

"அப்போ ஜெயிச்சாச்சுன்னு சொல்லுங்க!"

"ஜெயிக்க என்ன இருக்கு இதுல? ரெண்டு பேரும் சேர்ந்து சம்மதிச்சு மனு போடலாம்னு நான் அப்பவே சொன்னேன். சத்தமில்லாம முடிஞ்சிருக்கும்."

"நல்லாச் சொன்னீங்க போங்க! சேர்ந்து போட்டா, என்ன ஏதுன்னு நாலு பேர் கேப்பாங்க. பாதிப் பழி நம்ம பொண்ணு தலையில விழும். நாளைக்கு இவளுக்கு இன்னொரு இடம் பாக்க வேண்டாமா? தப்பு பூரா அவன் பேர்லதான் இருக்கணும். அதான் அவன் குடிச்சது, அடிச்சதுன்னு ஒண்ணு விடாம உங்ககிட்ட சொன்னேன்."

"போதும்ணா" என்றாள் தங்கை.

"நீ எதுக்கும்மா வெக்கப்படறே? வெக்கப்பட வேண்டியவன் அவன்!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. எதிர் பெஞ்சில் இருந்த ஒரு அம்மா, "படுபாவி, இந்தப் பொண்ணைப் போய் அடிக்க எப்படித்தான் மனசு வந்ததோ" என்று உச்சுக்கொட்டினார். தங்கை இன்னும் கூனிக் குறுகிப் போனாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். தங்கையைக் கூண்டில் ஏற்றி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் வாங்கினார்கள்.

நீதிபதி மனுவைப் புரட்டினார்.

"கணவர் குடிச்சிட்டு வந்து அடிப்பார்னு இதுல இருக்கு. உண்மைதானே?"

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். பின்னாலிருந்து அண்ணன், சொல்லு சொல்லு என்று கையை ஆட்டினார்.

"பயப்படாதீங்கம்மா. அவர்தான் இங்க இல்லையே. இன்னைக்கு விசாரணைன்னு அவருக்குத் தெரியுமில்ல?"

"தெரியுங்க ஐயா. வர்றதுக்கு லீவு கூடப் போட்டிருந்தார். நான்தான் ஃபோன் பண்ணி வர வேண்டாம்னு கெஞ்சினேன்."

வக்கீலம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா?" என்றார் நீதிபதி.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"அவரோட எனக்கு ஒத்துப்போகல, அவ்வளவுதான். அவர் குடிச்சதுமில்ல, என்னை அடிச்சதுமில்ல. அப்படிச் சொன்னாத்தான் என் பேர் கெடாதுன்னு அண்ணன் சொன்னார். நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். ஆனா அவர் எதிர்ல வந்து நின்னா அந்தப் பொய் எனக்கு வாயில வராதுங்க ஐயா."

அண்ணனின் கை அப்படியே நின்றுவிட்டது. அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"இதையெல்லாம் உங்க கணவர்கிட்டயே சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"'சரி, நான் வரல. உனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல, தடுமாறாம சொல்லிடு'ன்னார்."