இருபது டிகிரி

வெளியே மைனஸ் ஆறு. தொழிற்சாலையில் மதிய இடைவேளை மணி அடித்ததும் ரொஷான் முதலில் எடுத்தது சாப்பாட்டுப் பெட்டியை அல்ல, போனை.

“அறையில எவ்வளவு காட்டுது?”

“இருபது டிகிரி,” என்றாள் மனைவி சுஜாந்தினி.

“குறையவிடாதை. குளிர் பட்டால் ஈஸ்ட் நித்திரையாப் போயிடும், பியர் நுரைக்காது. போர்வை?”

“ஓம், என்ர கம்பளியையும் சேர்த்துச் சுத்திப்போட்டன்.”

அவன் வீட்டிலேயே காய்ச்சி அடைத்த நாற்பது போத்தல் பியரையும் இரண்டு கிழமையாகக் கைக்குழந்தை மாதிரித்தான் பார்த்துவந்தார்கள். சனிக்கிழமை அவனோடு வேலை செய்யும் டென்மார்க்காரர்கள் குடிக்க வருகிறார்கள்.

“ஒண்டைத் திறந்து பார்.”

‘புஸ்’ என்ற சத்தம் போனிலேயே கேட்டது. அவனுக்குக் கண் கலங்கியது.

“சரி வந்திட்டுது. இனி அதுக்குக் குளிர்தான் வேணும். எல்லாத்தையும் கீழ நிலவறைக்கு இறக்கு.”

சுஜாந்தினி போத்தலை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“எண்டால், உங்கட அப்பாவைத் திரும்ப மேல அவற்ற அறைக்குக் கூட்டிக்கொண்டு வரட்டே?”

“ஏன்? நாளைக்கு அடுத்த பியரை அடைக்கிறன். அந்த அறை வேணும்.”

“கீழ ஹீட்டர் இல்லை. ரா முழுக்க இருமுறார், கட்டிலே ஆடுது.”

ரொஷான் யோசித்தான். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

“அப்ப போத்தலுகளை அந்தக் கட்டிலுக்குக் கிட்ட வைக்காதை,” என்றான். “ஆட்டம் பட்டால் அடியில படிஞ்ச மண்டி கலங்கிப் போடும்.”