மூன்று கிலோ இருநூறு

தண்ணீர் டேங்கர் ஓட்டும் மாப்பிள்ளை, மூன்று லிட்டர் தண்ணீர் பிடித்த கேனைத் துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடத்தில் பூனைநடை பழகினார்.

“இன்னும் ஒரு டம்ளர் ஊத்துங்க. மூணு கிலோ இருநூறு வரணும்,” என்றார் மாமியார்.

“எண்ணெய் ஊத்தட்டா அத்தை?”

“எண்ணெய்க்கு எடை கம்மி. ஏமாத்தாதீங்க! பன்னிரண்டாயிரம் லிட்டரோட மலை இறங்குற ஆளு, இதுக்குப் போய் நடுங்கலாமா?”

“அது சிந்தினா வேற லோடு ஏத்திக்கலாம் அத்தை.”

வாசலில் கார் வந்து நின்றது. மருத்துவமனையில் தூக்கவே பயந்து மாப்பிள்ளை ஒதுங்கி நின்ற பச்சைக்குழந்தையை, மனைவி இறங்கி வந்து அவர் கையில் கொடுத்தாள்.

“உங்க பொண்ணு. பத்திரம்!”

கை நடுங்கவில்லை. சட்டைதான் நனைந்தது.

“அத்தை, லோடு ஒழுகுது!”

“அப்ப அம்பது கிராம் கழிச்சுக்குங்க மாப்பிள்ளை!”