தாய்மாமன் மடி

அவன் வேட்டியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தான்.

கைகொடுக்க யாரும் வரவில்லை. அவனும் யாரையும் தேடவில்லை.

காலை மடக்கிச் சம்மணம் போட்டான். முதலில் வலது கால், பிறகு இடது கால். இரண்டும் சொன்னபடி கேட்டன.

குனிந்து பார்த்தான்.

இடம் இருந்தது.

குலசாமி கோயில் வாசலில் சொந்தமெல்லாம் கூடி நின்றது. எதிரே ஆசாரி, பிள்ளைக்குக் காது குத்தத் தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி, சித்தி மகன் குமாரவேல் பட்டு வேட்டியில் நின்றான். எதற்கும் இருக்கட்டும் என்று யாரோ அவனைக் கட்டிவரச் சொல்லியிருந்தார்கள். சொன்னது அக்காவாகத்தான் இருக்கும்.

அக்காவைக் குற்றம் சொல்ல முடியாது.

போன மாசியில் இதே இடத்தில்தான் பிள்ளைக்கு மொட்டை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து அக்காவுக்குப் பிறந்த ஒரே பெண், நறுமுகை. அவன் ஒரே தம்பி. மொட்டையானாலும் காதுகுத்தானாலும் தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும்.

அவனிடம் மடிதான் இல்லை. அந்த இடத்தில் வயிறு வந்து உட்கார்ந்திருந்தது. காலை நீட்டி, பின்னால் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தொடை நுனியில் பிள்ளையை வைத்து மறுகையால் பிடித்தான்.

நாவிதர் மூன்றாவது இழுப்பு இழுக்கும்போது பிள்ளை வழுக்கியது.

கத்தி பட்டது. சின்னக் காயம்தான். ஆனாலும் ரத்தம் ரத்தம்தானே.

அக்கா திட்டவில்லை. பிள்ளையைத் தூக்கிக் குமாரவேல் மடியில் வைத்தாள். காதுகுத்தை அடுத்த மாசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னாள்.

திட்டியிருந்தால் மறந்திருப்பான்.

அவனுக்குப் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். கண்டக்டர்கள் ஜன்னலுக்கு வந்து நேரம் குறித்துக்கொண்டு போவார்கள். டீயும் வடையும் அதே ஜன்னல் வழியாக வரும். வந்தது எதையும் அவன் திருப்பி அனுப்பியதில்லை.

மொட்டைக்கு மறுநாள், வந்து நின்ற முதல் பஸ்ஸுக்கு அவனே எழுந்து போனான்.

“என்ன சார், நீங்களே வந்துட்டீங்க?” என்றார் கண்டக்டர். பதில் சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை.

அவ்வளவுதான் செய்தான். எழுந்து போனான். முதல் வாரம் நாலு பஸ். பிறகு எல்லாப் பஸ்ஸுக்கும். டீக்குச் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்துவது அவனால் ஆகிற காரியமில்லை. மூன்று கரண்டி இரண்டாகி, ஒன்றாகி, ஒருநாள் டீக்கடைக்காரர் போட மறந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. ராத்திரிப் பரோட்டா இருந்த இடத்துக்கு எட்டு மணிக்குள் இரண்டு தோசை வந்தது. சட்னி நன்றாக இருந்தால் மூன்றாவதும் வந்தது. தீபாவளிக்கு அதிரசத்தை ஒரு கை பார்த்தான். மறுநாள் பஸ்ஸுக்கு எழுந்து போனான்.

மாதம் ஒருமுறை பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் காசு போட்டு ஏறினான். நூற்று நாலு. நூற்று மூன்று. இரண்டு மாதம் அங்கேயே நின்றது. பிறகு நூற்று ஒன்று. தொண்ணூற்றெட்டு வந்தபோது மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து, பார்சல் ஆபீஸ் தராசில் போய் ஏறினான்.

அதுவும் அதையே சொன்னது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். தேய்கிற கல்லுக்கு அது எப்படி இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

அவனுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

நேற்று ஏறியபோது தொண்ணூற்றிரண்டு. போனது பன்னிரண்டு கிலோ. எந்த நாளில் போயிற்று என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. எந்த நாளிலும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நடந்திருந்தது.

அக்கா பிள்ளையோடு வந்தாள். மொட்டைக்குப் பிறகு வளர்ந்த முடி பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. தழும்பு அதற்குள் எங்கோ இருந்தது.

அக்கா குமாரவேலைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். தம்பியின் மடியைப் பார்த்தாள்.

வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது.

குனிந்து பிள்ளையை இறக்கினாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

“கெட்டியாப் பிடிச்சுக்கடா. முன்ன மாதிரி இல்ல, பன்னெண்டு கிலோ இருக்கா.”

பிறகு கையை எடுத்தாள்.

பிள்ளை வழுக்கவில்லை. முதுகை அவன் மேல் சாய்த்து, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவன் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான். மடியில் வைத்தான்.

மறுபடியும் தூக்கினான். இந்த முறை கொஞ்சம் கூடுதல் நேரம். கை கடுத்தது.

பிள்ளை சிரித்தது. அக்கா என்னவென்று கேட்டாள்.

மூன்றாம் முறையும் தூக்கினான்.

ஆசாரி கம்பியோடு காத்திருந்தார்.