சம்பந்தி வீட்டுத் தண்ணீர்

அன்று மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் பெண்ணின் தகப்பன் சென்னியப்பன், அவன் அக்கா நாச்சம்மாள், மாப்பிள்ளையின் தாயார் ராசாமணி அம்மாள். வேறு எவரும் இல்லை. அம்மாள் சொம்பில் கொடுத்த கிணற்றுத் தண்ணீரைச் சென்னியப்பன் கையிலேயே வைத்திருந்தான். காய்ச்சாத தண்ணீர் அவனுக்கு ஆகாது. சிறுநீரகம் மாற்றிய உடம்பு என்று சொன்னால் மகளின் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று வாய் எழவில்லை.

“எங்க வீட்டுத் தண்ணி எறங்காதுங்களா?” என்றார் ராசாமணி அம்மாள்.

“அவன் வயித்துல இருக்கறது நான் குடுத்த கிட்னிங்க, சம்பந்தி. பச்சத்தண்ணிய ஊத்திக் கெடுக்க உடமாட்டேன்,” என்றாள் நாச்சம்மாள்.

அம்மாள் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது.

சென்னியப்பன் சம்பந்தி வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை என்று ஊரில் பேசுகிறார்கள். குடித்தான். ஆறும்வரை உட்கார்ந்திருந்து குடித்தான்.